அடுப்படிச் சீர்திருத்தம்



கல்முனையிலும் அதன் அயலிலுள்ள சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய ஊர்களிலும் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைப்பது தலைமுறை தலைமுறையாய் வரும் வழக்கம். பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே தந்தையார் அவ்வீட்டுக்கு வேண்டிய கல்லையும் மண்ணையும் எண்ணத் தொடங்குகிறார். முன்விறாந்தைக்குத் தரையோடு பதிக்கப்படுகிறது. வாசற்கதவில் சித்திர வேலை நடைபெறுகிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து அமரும் மண்டபம் பளபளக்கிறது. அடுப்படியின் முறை வரும்போது கையிலிருந்த பணம் தீர்ந்துவிடுகிறது. பின்பக்கத்தில் நான்கு தகரங்களைச் சாத்தி, மூன்று கற்களை வைத்து, "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் 'பிறகு' பல வீடுகளில் இருபது ஆண்டாகியும் வருவதில்லை. மகளுக்கென்றே கட்டிய வீட்டில், மகள் நாளின் பெரும்பகுதி நிற்கும் இடமே குறையாய் நின்றுவிடுகிறது.

இக்குறையைத் தீர்க்கப் பெரும் பணம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆதலினாலேயே சிலர் ஒன்றும் செய்யாதிருக்கின்றனர். வேறு சிலர் கடன்பட்டு, பழையதை ஒரே நாளில் இடித்துவிட்டுப் புதியதைப் பாதியில் நிறுத்தித் தவிக்கின்றனர். நுண்கடன் வாங்கி வாரந்தோறும் தவணை கட்ட முடியாமல் அல்லற்படும் பெண்கள் எத்தனை பேர் என்பதை வடக்கு கிழக்கில் வாழ்வோருக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. என் கருத்து யாதெனில், அடுப்படியைத் திருத்தப் பணத்தினும் முதன்மையாக வேண்டுவது ஒழுங்கு. எதை முன்னர்ச் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது என்று வகுத்துக்கொண்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில், கடனின்றியே ஒரு நல்ல குசினி உருவாகிவிடும்.

இவ்வுண்மையை நம் கரையோரம் ஒருமுறை மிகவும் துயரமான சூழலில் கற்றுக்கொண்டது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. வீடு முற்றாக அழிந்து, தம் சொந்தக் காணியில் தாமே மீளக் கட்டியோருக்கு அரசாங்கம் 250,000 ரூபா உதவியைத் தவணை தவணையாக வழங்கியது. ஒரு கட்டம் முடிந்த பின்னரே அடுத்த தவணை. பணத்தைக் கட்டங் கட்டமாகப் பிரித்துச் செலவிடும் பழக்கம் அப்போது பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. மற்றொரு பாடமும் அப்போதே கிடைத்தது. அயலிடத்து நிறுவனங்கள் வரைபடம் தந்து கட்டிக் கொடுத்த வீடுகள் சிலவற்றில் சமையலறை வீட்டினுள்ளேயே ஒரு சிற்றறையாக அமைந்தது. விறகு எரித்தால் புகை போக வழியில்லை. அவ்வீட்டார் புதிய சமையலறையில் நெல் மூட்டையை அடுக்கிவிட்டு, பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுச் சமைத்தனர். சமைப்பவரைக் கேளாது அமைத்த சமையலறை களஞ்சியமாவது இவ்வாறுதான்.

ஆகவே, முதலில் கேட்க வேண்டியவர் அடுப்பின் முன் நிற்பவர். அவரிடம், "உங்களுக்கு எது மிகவும் தொல்லை?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் மறுமொழி புகை என்பதே. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகினாலேயே சமைத்தன. வீட்டினுள் எழும் புகைமாசினால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் காலத்துக்கு முன்னரே இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரண்டு இலட்சத்துக்கும் மேல். தாயின் மடியிலும் இடுப்பிலும் இருக்கும் குழந்தை தாய் சுவாசிக்கும் புகையையே சுவாசிக்கிறது அன்றோ? எனவே முதற் கட்டச் செலவு முழுவதும் புகைக்கே உரியது.

புகையின் இயல்பை அறிந்தால் அதனை வெளியேற்றும் வழி எளிதாகும். சூடான காற்று மேலெழும்; மேலே திறப்பு இருந்தால் வெளியேறும். ஆயினும் கீழே புதுக்காற்று நுழைய வழியில்லையாயின் மேல்திறப்பு மட்டும் இருந்து பயனில்லை. ஆதலின் சுவரின் உச்சியில் ஒரு வரிசையும், தரைக்குச் சற்று மேலே ஒரு வரிசையும் துளையுள்ள சீமெந்துக் கற்களைப் பதித்தல் வேண்டும். கேரளத்தில் குறைந்த செலவில் அழகிய வீடுகளைக் கட்டிப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, சுவரையே சாளரமாக்கினார். சாளரத்துக்கு மரமும் கம்பியும் வாங்கும் செலவு அதனால் மிஞ்சியது. அம்முறை நமக்கும் பொருந்தும்.

அடுத்தது அடுப்பு. மூன்று கல் அடுப்பில் தீயின் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகிறது. 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட 'அனகி' என்னும் மண் அடுப்பு இக்குறையை நீக்கியது. அதில் ஒரே தீ இரண்டு பானைகளுக்குப் பயன்படும்; முன்பானைக்கு நேரடித் தீயும், பின்பானைக்கு அதனின்று செல்லும் வெப்பமும் கிடைக்கும். குயவர் வனையும் அவ்வடுப்பைச் சுற்றிக் களிமண் கலவை பூசினால் வெப்பம் உள்ளேயே நிற்கும். விறகு குறைகிறது, புகையும் குறைகிறது. அடுப்பின் மேல் ஒரு கூண்டு அமைத்துப் புகைபோக்கி வைக்க இயலுமாயின் இன்னும் நன்று. அதன் வாய் கூரைக்கு மேலே நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் மேற்கே வயற்புறமிருந்து கச்சான் வீசும். கிழக்கே கடற்புறமிருந்து கொண்டல் வீசும். எப்பக்கத்துக் காற்றும் புகையைத் திருப்பி உள்ளே தள்ளாதிருக்க, புகைபோக்கியின் உச்சியில் நான்கு புறமும் திறந்த ஒரு தொப்பி வைத்தல் அவசியம். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாயின் அதனைத் துளைக்கலாகாது. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. சுவரின் மேற்பகுதி வழியாகக் குழாயை வெளியே கொண்டு செல்வதே தக்கது.

"எரிவாயு வாங்கிவிட்டால் புகைக் கதை முடிந்ததே" என்று சிலர் கூறலாம். 2021 ஒக்டோபர் வரையில் 1,493 ரூபாவாக இருந்த பெரிய எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடையாமல் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரத்தில் வரிசையாக வைத்துக் காத்திருந்தனர். விறகடுப்பை இடித்து மேடை கட்டியோர் முற்றத்தில் மீண்டும் மூன்று கல் வைக்க நேர்ந்தது. ஆகையால் இரண்டுக்கும் இடம் விட்டுவைப்பதே அறிவுடைமை. எரிவாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் மேலெழாது தரையில் படியும். முன்னர்க் கூறிய கீழ்த் திறப்பு இதற்கும் காவலாகிறது. சிலிண்டரைக் கதவடைத்த அலுமாரிக்குள் வைத்தலாகாது. நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, இணைப்புகளில் சவர்க்கார நீர் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தல் நல்ல வழக்கம்.

இரண்டாம் கட்டம் நீர். கிணற்றிலிருந்து வாளி சுமக்கும் தூரத்தைக் குறைப்பதும், கழுவிய நீர் தேங்காது போவதுமே இங்கு நோக்கம். நம் கரையோரம் மணற்பாங்கானது. சில அடி தோண்டினாலே நீர் ஊறும். அதனாலேயே, நிலத்தில் ஊற்றும் கழிவும் விரைவிலேயே கிணற்றைச் சென்றடையும். கழிவுநீரைக் கிணற்றினின்று இயன்ற அளவு தொலைவுக்குக் குழாய் வழியே கொண்டு சென்று, சரளைக் கல் நிரப்பிய குழியில் விட்டு, அருகே இரண்டு வாழைகளை வைத்தல் வேண்டும். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் குழியை அடைக்காதிருக்க, வழியில் ஒரு சிறு தொட்டி கட்டித் தும்பை இட்டு, அதனை அடிக்கடி மாற்றினால் போதுமானது.

மூன்றாம் கட்டம் மேடை. முதலாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் மிகுந்திருந்த ஜெர்மனியில், 1926 ஆம் ஆண்டு, மார்கரெட்டே சூட்டே-லிகொட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் பிராங்க்போர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்கு ஒரு சமையலறையை வகுத்தார். அதன் அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். ரெயில் வண்டியின் சமையற் பெட்டியைப் போல, எடுக்கும் பொருள் எட்டும் தூரத்தில் இருக்குமாறு அதனை அமைத்தார். சமைப்பவர் எடுத்து வைக்கும் அடிகளை எண்ணி, வீண் நடையைக் குறைத்தமையே அதன் சிறப்பு. நாம் அதனை அப்படியே பின்பற்ற வேண்டுவதில்லை. அது ஒருத்தி தனியே நின்று சமைப்பதற்கான அறை. நம் வீட்டிலோ தாயும் மகளும் சாச்சியும் சேர்ந்து வேலை செய்வர். ஒருவர் திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவ, மற்றவர் அம்மியில் அரைப்பார். ஆதலின் தாழ்ந்த வேலைக்கும் ஒரு மூலை வேண்டும். அளந்து செய்தல் என்னும் கொள்கையையே அந்நகரத்திடமிருந்து நாம் கொள்ள வேண்டும்.

மேசன் தம் வழக்கப்படி ஓர் உயரத்தில் மேடை கட்டிவிட்டுப் போவார். அது உயரமானால் தோள் நோகும். தாழ்ந்தால் இடுப்பு நோகும். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கும்போது, அம்முழங்கைக்கு ஏறத்தாழ 4 அங்குலம் கீழே வெட்டும் மேடை அமைதல் வேண்டும். காஸ் அடுப்பு வைக்கும் பகுதியை அவ்வடுப்பின் உயரமளவுக்கு மேலும் தாழ்த்துதல் நன்று. மேடைக்குக் கடல் மணலைக் கலக்கலாகாது. அதிலுள்ள உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, சில ஆண்டுகளில் சீமெந்தைப் பிளந்துவிடும். கட்டிய மேடையின் மீது ஈரச்சாக்கு விரித்து ஒரு வாரமேனும் நனைத்தல் வேண்டும். விளக்கைச் சமைப்பவரின் முதுகுப்புறத்தில் வையாது, மேடைக்கு நேர்மேலே வைக்க வேண்டும். நோன்பு மாதத்தில் சஹருக்காகப் பின்னிரவில் எழுந்து சமைப்போர், தம் நிழலிலேயே காய் நறுக்கும் துன்பத்தை நன்கறிவர்.

தட்டுகள், அலுமாரி, சுவரோடு, நிறப்பூச்சு ஆகியவை கடைசிக் கட்டம். அவை ஓராண்டு பிந்தினாலும் யாருக்கும் நோய் வராது. அறையைப் பெருப்பிக்கும் ஆசையையும் அடக்குதல் நன்று. கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் கிடாரம் ஏற்றுவது வளவில்தான். சகன் எத்தனை பரப்பினாலும் அச்சமையல் குசினிக்குள் நடைபெறுவதில்லை.

படிப்படியாகச் செய்யும் வேலையில் ஒரு விதியை மறத்தலாகாது. நாளைய வேலை இன்றைய வேலையை உடைக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டில் தொட்டி வைக்க எண்ணினால், முதலாம் ஆண்டில் சுவர் பூசும்போதே குழாய் நுழையும் துளையை விட்டு வைக்க வேண்டும். மின்கம்பி செல்லும் குழாயையும் அவ்வாறே புதைத்து வைக்கலாம். மறைவன முதலில், தெரிவன பின்னர் என்று இதனை நினைவிற் கொள்ளலாம். ஒவ்வொரு கட்ட முடிவிலும் அடுப்படி சமைக்கக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும்; பணம் ஓராண்டு தடைப்பட்டாலும் வீட்டார் அவதியுறார்.

காலமும் கருதத்தக்கது. மாரி மழையில் கூரையைப் பிரிப்பது பேதைமை. பெரும்போக அறுவடை முடிந்து கையிற் சிறிது பணம் வரும் காலமும், மழை ஓய்ந்து கட்டட வேலைக்கு ஏற்ற காலமும் நம் மாவட்டத்தில் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. ஆண்டுக்கு ஒரு கட்டம் என அப்பருவத்தில் செய்யலாம். தறியிலோ கூலியிலோ வாழ்வோர், பெண்கள் தமக்குள் பிடிக்கும் சீட்டை ஒரு கட்டத்துக்கெனக் குறித்து வைக்கலாம். மேசனுடைய நாட்கூலியும் செலவில் ஒரு பங்காதலால், மேசன் வேலைகள் யாவற்றையும் சேர்த்து ஒரே தொடர்ச்சியாக முடித்துவிட வேண்டும். பழைய ஓடு, கதவு, மரம் ஆகியவற்றைக் கழற்றி அடுக்கி வைத்தால் அவற்றுள் பாதியேனும் மீண்டும் பயன்படும்.

இவற்றைக் கேட்ட நேயர்கள் நாளையே கல்லும் மண்ணும் இறக்க வேண்டுவதில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து அடுப்படியின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். புகை எங்கே தேங்குகிறது, நீர் எங்கே தங்குகிறது என்பதைக் குறியுங்கள். பின்னர், அங்கே நாள்தோறும் நிற்பவரை அழைத்து, எதை முதலில் திருத்தலாம் என்று கேட்டு, அவர் கூறும் வரிசையிலேயே எழுதுங்கள். படிப்பறிவில்லாதவராயினும் அவ்வறையைப் பற்றிய கல்வியில் அவரே வீட்டிலுள்ள அனைவருக்கும் மூத்தவர்.