இருமுறை ஏறிய தேயிலைப் பெட்டி

கொஸ்லந்தையில் கோச்சி, அதாவது ரயில், இல்லை. பிடிக்க வேண்டுமென்றால் பெரகலை ஏறி ஹப்புத்தளைக்குப் போக வேண்டும். 1893இல் ஹப்புத்தளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்துசேர்ந்த அந்த மலைப்பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் தங்கை பிழைக்கவில்லை. நானுஓயாவில் பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை சுமார் 31 கிலோமீற்றர் ஓடிய உடப்புசல்லாவ ரயில்தான் அது. 1903 டிசம்பரில் நுவரெலியாவையும் மறுவருடக் கடைசியில் ராகலையையும் எட்டியது. 1940களில் முற்றாக மூடப்பட்டது.

பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம். இதில் 2 அடி 6 அங்குலம்தான். அந்த ஒடுக்கத்தில்தான் சூட்சுமம். ரயிலில் ஒவ்வொரு சோடிச் சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை. ஒன்று முந்தி மற்றது பிந்திச் சுழல முடியாது. வளைவிலோ வெளித் தண்டவாளம் நீளம் கூடியது. கால்வட்டம் திரும்பினால் அகலப் பாதையில் அந்த வித்தியாசம் 2.6 மீற்றர், இங்கே 1.2 மீற்றர். சக்கரத்தின் சாய்வான விளிம்பு கொஞ்சத்தைச் சரிக்கட்டும், மிச்சம் கிறீச்சிடலாகவும் தேய்மானமாகவும் போகும். வித்தியாசம் குறைவென்பதால் ஒடுக்கப் பாதை கூர்மையாக வளைந்து, மலையைக் குடையாமல் அதன் இடுப்பைச் சுற்றியே போகலாம்.

ஏற்றமும் கடுமை. பெரிய பாதையில் 44 அடிக்கு ஓரடி, இதில் 24 அடிக்கு ஓரடி. ஒரு தொன் பாரத்தைக் கீழே இழுக்கும் விசை அங்கே 23 கிலோ, இங்கே 42. பனிமூட்டத்தில் நனைந்த இரும்பில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? மலை எஞ்சின்கள் மணல் தூவிக்கொண்டு ஏறுவது அதனால்தான்.

ஆனாலும் இந்த ரயிலைச் சாய்த்தது ஏற்றமல்ல, நானுஓயாதான் என்பேன். ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. ராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டியை அங்கே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். மேலே வரும் அரிசி மூட்டைக்கும் அதே கதி. பாதையை ஒடுக்கி மிச்சம் பிடித்த காசு இந்த மாற்றலில் கரைந்தது. பழைய ரயில்களைப் பற்றி எழுதுபவர்கள் எஞ்சினை வர்ணிப்பார்கள். எனக்கோ அந்த மூட்டைகளின் கீழிருந்த முதுகுகள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பிறகு லொறி வந்தது. ரப்பர் டயர் வீதியை இறுகப் பிடிக்கும். வளைவில் பின்சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் இருக்கிறது. தேயிலை ஸ்டோர் வாசலில் ஏற்றியதை இடையில் இறக்கத் தேவையில்லை. நெடுந்தூரச் சமவெளியில் ரயிலே சிக்கனம்; 31 கிலோமீற்றர் மலையில் அந்தச் சிக்கனம் செல்லுபடியாகவில்லை. அகலப் பாதை அருகிலிருந்தும், இன்று கொஸ்லந்தைத் தேயிலை லொறியில்தான் கொழும்புக்கு இறங்குகிறது.