ஆறும் புண்ணும் ஆறாத புண்ணும்

உதட்டின் உட்புறத்திலோ கன்னத்தின் உட்பக்கத்திலோ நாக்கின் அடியிலோ, நடுவில் வெளிர்மஞ்சளும் சுற்றிலும் சிவந்த வளையமுமாகத் தோன்றும் சிறு வாய்ப்புண்ணை மருத்துவர்கள் 'ஆப்தஸ் அல்சர்' என்பர். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. பல் பட்ட காயம், மன அழுத்தம், இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய சத்துகளின் குறைவு முதலியவை அதைத் தூண்டக்கூடியவை என்றாலும், 'உடம்புச் சூடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் சத்துக்குறை பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போகிறது. காஞ்சிபுரம் பகுதியிலுள்ள ஓரிக்கை போன்ற ஊர்களின் வீடுகளில் தேங்காய்ப்பால் சேர்த்துச் சமைக்கப்படும் மணத்தக்காளிக் கீரை, புண்ணை உறுத்தாமல் இறங்கும் நல்ல உணவே. ஆனால் பி12 சத்து கீரையில் இல்லை, அதைப் பால், முட்டை, மீன் ஆகியவற்றிலிருந்தே பெற வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளித்து, காரத்தையும் புளிப்பையும் சில நாள் ஒதுக்கினால், சிறிய புண்கள் பெரும்பாலும் 10 முதல் 14 நாள்களுக்குள் தழும்பின்றி ஆறிவிடும். 3 வாரம் கடந்தும் ஆறாத புண்ணை, வலி இல்லாவிட்டாலும், குறிப்பாக வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர், தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அது புற்றுநோயாகவும் இருக்கலாம். புற்றுநோயால் 1969-இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலேயே இயங்குகிறது.