12 டாலருக்கு கைமாறிய 'கூகுள்'!
வெப்சைட் தொடங்கும் கடைக்காரர்கள் உஷார்

சென்னை:-

உலகமே தேடிப் போகும் கூகுள் கம்பெனியின் இணையப் பெயரை, ஒருவர் வெறும் 12 டாலருக்கு வாங்கிய கூத்து 2015 செப்டம்பரில் நடந்தது.

அதன் விவரம் வருமாறு:-

குஜராத்தைச் சேர்ந்தவர் சன்மய் வேத். முன்பு கூகுளில் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் இருந்தபோது ஒரு நாள் நள்ளிரவுக்குப் பிறகு, இணையப் பெயர் விற்கும் கூகுளின் தளத்தை மேய்ந்து கொண்டிருந்தார். "கூகுள்.காம் விற்பனைக்கு" என்று காட்டியது. சும்மா அழுத்திப் பார்த்தார். கார்டில் பணமும் போய்விட்டது!

சுமார் ஒரு நிமிடம் அவர்தான் சொந்தக்காரர். பிறகு விற்பனை ரத்தானது. கம்பெனி அவருக்கு 6,006 டாலர் 13 சென்ட் பரிசு கொடுத்தது. அவர் அதைத் தர்மத்துக்குத் தரச் சொன்னதும் தொகை இரட்டிப்பானது.

விற்றது தன் கடை என்பதால் கூகுள் தப்பியது.

மைக்ரோசாப்ட் கதை வேறு. 1999 கிறிஸ்துமஸ் சமயம். 'பாஸ்போர்ட்.காம்' பெயருக்கு 35 டாலர் கட்ட மறந்து விட்டார்கள். ஹாட்மெயில்காரர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கைக்காசைக் கட்டினார்!

பையன் பார்த்துக்குவானா?

கோடீஸ்வரக் கம்பெனிக்கே இந்தக் கதி. நம்ம ஊர் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை என்னாவது?

வெப்சைட்டுக்கு இரண்டு செலவு. ஒன்று பெயர். இதுதான் 'டொமைன்'; கடையின் போர்டு மாதிரி. மற்றது 'ஹோஸ்டிங்', அதாவது சரக்கு வைக்கும் வாடகை இடம். இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெயர் போனால் போனதுதான்.

"எல்லாம் நம்ம பையன் பாத்துக்குவான்" என்று பணத்தை நீட்டுகிறார் முதலாளி. பையன் தன் மெயில், தன் செல் நம்பரில் பதிவு செய்கிறான். நாளை அவன் வேறு வேலைக்குப் போனால், சாவியும் அவனோடு போய்விடும். பதிவேட்டில் இருப்பவர்தான் சொந்தக்காரர். ரசீது வைத்திருப்பவர் அல்ல!

எனவே பெயர், மெயில், செல் நம்பர் மூன்றும் கடைக்காரருடையதாக இருக்க வேண்டும். சைட்டில் உள்ளதற்கு ஒரு நகலும் கையில் இருக்கட்டும்.

கெடு எத்தனை நாள்?

'.காம்' பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம். முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பல இடங்களில் மறு வருடம் கூடும்.

கெடு தாண்டினால், கம்பெனியைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் சலுகை. அதற்குள் ஏலத்தில் விடும் கம்பெனிகளும் உண்டு. சலுகை முடிந்து பெயரை நீக்கி விட்டாலும், 30 நாளுக்குள் அபராதத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாள் பூட்டு. அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

போலி மெயில்

"உடனே பணம் கட்டாவிட்டால் பெயர் போய்விடும்" என்று மோசடி மெயிலும் வருகிறது. அதில் உள்ள லிங்க்கைத் தொடக் கூடாது. பெயர் வாங்கிய தளத்துக்கு நேராகப் போய் தேதியைப் பார்க்க வேண்டும். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யலாம்.