உங்களுக்குத் தெரியுமா? தீவகத்துச் சொற்கள்

● 'இது', 'அது' இரண்டுக்கும் நடுவே 'உது' என்று ஒன்று உண்டு. கேட்பவர் பக்கம் இருப்பது உது. "உதென்ன மோனை, கையில வச்சிருக்கிறாய்?" என்று ஆச்சி கேட்டால், பொருள் பேரன் கையில். தொல்காப்பியம் சொல்லும் அ, இ, உ என்ற மூன்று சுட்டுகளில் கடைசியானது தமிழகப் பேச்சில் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலும், அதையொட்டிய தீவுகளான தீவகத்திலும் அது இன்றும் அன்றாடப் பேச்சு.

● யாழ்ப்பாணத்துக் கடையில் கச்சான் கேட்டால் நிலக்கடலை தருவார்கள். கடற்றொழிலாளியிடம் கேட்டால் மேல்காற்றைக் காட்டுவார். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம். எந்தக் காற்றுக்கு எங்கே வலை போடுவது என்ற கணக்கும் இந்தப் பெயர்களோடுதான் மகனுக்குப் போகிறது.

● பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில்தான் கூழ். கிழங்கு பிடுங்கியபின் மிஞ்சும் கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான். அது பிள்ளைகளின் பங்கு. வெறும் கோதுக்குப் பெயர் ஊமல், அது அடுப்புக்கு.

● நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றி முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலி. சாந்து கிடையாது; கல்லுக்குக் கல் பொருந்தி நிற்கிறது. எந்தக் கல் எங்கே இருக்கும் என்பதை, அடுக்குபவர் பக்கத்தில் நின்றுதான் பழகவேண்டும்.

● நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பொறித்தவன் சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு, மொழி தமிழ். யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, மீதி உடையவருக்கு என்கிறது. அதில் வரும் ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

● அதே ஊர்காவற்றுறையின் கரம்பனில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றவர்.

● 1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தை வெறுமையாக்கியது. வீட்டோடு ஏடும் புத்தகமும் போயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் வாய்மொழி வரலாறுகளையும் எண்ணிமமாக்கி வருகிறது.

● 2022 முதல் 2032 வரை பூர்வகுடி மொழிகளைக் காக்கும் பத்தாண்டு என ஐ.நா. அறிவித்திருக்கிறது. தமிழுக்கு அழிவில்லை என்று நாம் இருந்துவிடலாம். ஆனால் ஊமலைக் கண்டிராத பேத்திக்கு அந்தச் சொல்லும் வெறும் கோதுதான்.