தேயிலை மணக்கும் குளிர் மாகாணம்

குழந்தைகளே, உங்கள் அட்லஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் விரலை வையுங்கள். அங்கிருந்து கடலைத் தாண்டினால் இலங்கை. அந்தத் தீவின் நடுப்பகுதிக்கு விரலை மெல்ல நகர்த்துங்கள். பச்சை நிறம் மாறிப் பழுப்பு நிறம் வருகிறதா? பழுப்பு என்றால் மலை என்று படித்திருப்பீர்கள். அதுதான் இலங்கையின் மத்திய மாகாணம்.

நமக்கு மாநிலங்கள் இருப்பதுபோல இலங்கைக்கு 9 மாகாணங்கள். மத்திய மாகாணத்தில் கண்டி, மாத்தளை, நுவரெலியா என்று மூன்று மாவட்டங்கள் இருக்கின்றன. தலைநகர் கண்டி.

ஏன் இந்தக் குளிர்?

இலங்கை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நாடு. அங்கே கடற்கரை ஊர்களில் வியர்த்துக் கொட்டும். ஆனால் நுவரெலியாவில் ஸ்வெட்டர் இல்லாமல் காலையில் வெளியே வர முடியாது! காரணம் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா?

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் 12 டிகிரி குறைய வேண்டும். கொழும்பின் சராசரி வெப்பம் 27 டிகிரி. கழித்துப் பாருங்கள், 15 வருகிறதா? உண்மையான சராசரியும் ஏறக்குறைய அதுதான்.

இலங்கையின் மிக உயரமான சிகரமான பிதுருதலாகலை இந்த நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அதன் உயரம் 2,524 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். நம்முடையது கொஞ்சம் உயரம்!

மலைகள் குறுக்கே நிற்பதால் பருவக்காற்று கொண்டு வரும் மேகங்கள் இங்கே மழையைக் கொட்டுகின்றன. அதனால்தான் இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி கங்கை இந்த மலைகளில் பிறக்கிறது. கண்டியைத் தொட்டுக்கொண்டு 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலை அருகே கடலில் கலக்கிறது. வழியில் அணைகளில் தேங்கி, மின்சாரமும் தருகிறது.

நுவரெலியா மாவட்டத்தில் ஹோர்டன் சமவெளி என்ற புல்வெளி இருக்கிறது. மலை உச்சியில் விரித்த பாய்போலப் பரந்து கிடக்கும். மான்கள் மேயும். அதன் ஓரத்தில் நிலம் திடீரென்று முடிந்து, செங்குத்தாக 800 மீட்டருக்கும் மேல் பள்ளம் இறங்குகிறது. அந்த இடத்துக்குப் பெயரே 'உலக முடிவு'!

வேலூருக்கு வந்த ராஜா

கடற்கரையைப் பிடித்த போர்ச்சுகீசியராலும் டச்சுக்காரராலும் கண்டியை வென்று ஆள முடியவில்லை. மலையும் காடும் கோட்டைச் சுவர்போலக் காத்து நின்றன. கடைசியில் 1815-ல், கண்டியின் பிரதானிகளே ராஜாவுக்கு எதிராகத் திரும்பியபோதுதான் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள்.

அந்தக் கடைசி ராஜா யார் தெரியுமா? ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். தமிழ்நாட்டோடு உறவுள்ள நாயக்கர் மரபில் வந்தவர். இயற்பெயர் கண்ணுசாமி. ஆங்கிலேயர் அவரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வந்து சிறை வைத்தார்கள். 1832-ல் அவர் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்து மண்டபம் இருக்கிறது.

அவர் வெட்டிய ஏரி இன்றும் கண்டி நகரின் நடுவே இருக்கிறது. கரையில் புத்தரின் பல்லை வைத்து வணங்கும் தலதா மாளிகை. பக்கத்தில் பேராதனைப் பூங்கா. மாத்தளை மாவட்டத்துக்குப் போனால் தம்புள்ளைக் குகைக் கோயிலையும், பாறை உச்சியில் காசியப்பன் என்ற அரசன் கட்டிய சிகிரியா கோட்டையையும் பார்க்கலாம். கண்டி, தம்புள்ளை, சிகிரியா மூன்றுமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை.

காபி போய் தேயிலை வந்தது

இன்று இந்த மலைகளில் எங்கே பார்த்தாலும் தேயிலைதான். ஆனால் ஆங்கிலேயர் காட்டை வெட்டி முதலில் பெரிய அளவில் பயிரிட்டது காபி. 1869-ல் காபிச் செடிகளில் இலைத்துரு நோய் வந்தது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். எல்லோரும் அந்த வழிக்கு மாறினார்கள்.

காட்டை வெட்டியதும், காபி நட்டதும், தேயிலை நட்டதும் யார் கைகள்? நம் ஊர்க்காரர்களின் கைகள்தாம். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சத்திலும் கடனிலும் வாடியவர்களைக் கங்காணிகள் அழைத்துப் போனார்கள். தோணியில் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து ரயில் கிடையாது. காட்டு வழியாக நடந்தே மாத்தளைக்குப் போனார்கள். காலராவும் மலேரியாவும் தாக்கி, வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தப்பிப் பிழைத்தவர்கள் வழிபட்ட முத்துமாரியம்மன் கோயில் மாத்தளையில் இன்றும் இருக்கிறது.

தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது 'லயம்' என்ற வரிசை வீட்டில் ஓர் அறை. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள்.

எந்த நாட்டுக்காரர்?

தலைமுறைகள் கடந்தன. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டத்தால், அந்த மண்ணிலேயே பிறந்த தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. 'நாடற்றவர்' ஆனார்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. இங்கே வந்தவர்களில் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அதே கொழுந்தைப் பறித்தார்கள். அங்கே இருந்துவிட்டவர்களில் குடியுரிமை இல்லாமல் எஞ்சியிருந்தவர்களுக்காக 2003-ல் தனிச் சட்டம் வந்தது.

டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனைத் தெரியாதவர் உண்டா? அவர் கண்டிக்காரர். அவருடைய தாத்தாவும் தென்னிந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்தாம்.

ஆனாலும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. பல தோட்டங்களில் சுமார் 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழு நாள் கூலி. ஒரு மொட்டு, அதை ஒட்டிய இரண்டு இளம் இலை, அவ்வளவுதான் ஒரு கிள்ளு. 18 கிலோவுக்கு எத்தனை கிள்ளு கிள்ள வேண்டும்! அத்தனையையும் வாட்டி, உருட்டி, உலர்த்தினால் சுமார் 4 கிலோ தேயிலைத் தூள்தான் கிடைக்கும். இன்னும் பல குடும்பங்கள் சரிவில் நிற்கும் லயங்களிலேயே வசிக்கின்றன. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது இந்த மலைகளில் மண் சரிந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பார்க்க அழகான சரிவுதான். அதில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு மழைக்காலத்தில் தூக்கம் வராது.

2023-ல், முன்னோர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, மலையக மக்கள் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். இருநூறு கிலோமீட்டருக்கும் மேல்! சொந்த நிலம், நல்ல வீடு, நியாயமான கூலி, இவைதாம் அவர்கள் கேட்டவை.

குழந்தைகளே, அட்லஸை மூடிவிடாதீர்கள். ஒரு பென்சிலை எடுத்து ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்கும், அங்கிருந்து மாத்தளைக்கும் மெல்லியதாக ஒரு கோடு போடுங்கள். பிறகு உங்கள் தாத்தா பாட்டியிடம், "நம் ஊரில் இருந்து யாராவது கண்டித் தோட்டத்துக்குப் போனார்களா?" என்று கேளுங்கள். பல ஊர்களில் 'ஆமாம்' என்ற பதில் கிடைக்கும். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். அதுவும் சரித்திரம்தான்.