குத்தகைக் கடையும் காணி எடுத்தற் சட்டமும்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து உட்துறைமுகப் பக்கமாக மாலையில் உலாவச் செல்வது நம் வழக்கம். அவ்வழியில் நம்மிடம் முன்னாளிற் படித்த ஒருவர் கடை வைத்திருக்கிறார். பெயர்பெற்ற கம்பெனியொன்றின் பலகையைத் தொங்கவிட்டு, அக்கம்பெனி வகுத்த முறைப்படி அதன் பண்டங்களையே விற்கிறார். கட்டடம் வேறொருவருடையது. சென்ற மாதம் அவர் நம்மை மறித்து, "சேர், தெருவை அகலமாக்கப் போகிறார்களாம். காணிச் சொந்தக்காரருக்கு நட்டஈடு உண்டாம். எனக்கு?" என்று கேட்டார்.

நாம் சட்டம் பயின்றவரல்லோம். ஆயினும் புத்தகத்தைப் புரட்டினோம். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டமே இதற்கு ஆதாரம். முதலில் அறிவித்தல், பின்னர் ஆட்சேபம் கேட்டல், அதன்பின் உரிமை கோருவோரை அழைத்தல் எனப் படிப்படியாகச் செல்லும் அச்சட்டம். ஈற்றில் 38ஆம் பிரிவின்படி கட்டளை பிறந்ததும், எவ்விதப் பொறுப்புமின்றிக் காணி அரசைச் சேரும். குத்தகையும் அதனோடு முடிந்தது.

குத்தகைக்காரர் வெறுங்கையோடு போகவேண்டுமென்பதில்லை. உரித்துடையோர் வரிசையில் அவரையும் சட்டம் சேர்த்திருக்கிறது. வியாபார இடத்தை மாற்றும் செலவையும், கணக்குப் புத்தகங்கள் காட்டும் வருமான இழப்பையும் அவர் கோரலாம். ஆனால் அந்த வரைவிலக்கணத்தின் வாலிலே ஒரு கொடுக்கு இருக்கிறது: மாத வாடகைக்கு இருப்பவர் அவ்வரிசையிற் சேரார்.

"உமது உறுதி எங்கே?" என்றோம். பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஐந்து வருடக் குத்தகை, முத்திரை, இருவர் கையொப்பம் எல்லாம் இருந்தன. நொத்தாரிசின் கையொப்பம் மட்டும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆகவே மனைவியின் நகைகளை விற்றுக் கம்பெனி கேட்டபடி அலுமாரிகளும் குளிர்பெட்டிகளும் வாங்கிய இம்மனிதர், சட்டத்தின் கண்ணில் வெறும் மாத வாடகைக்காரரே.

கம்பெனியோடு செய்த உடன்படிக்கை வேறு கதை. பலகையை மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லலாமா, வைப்புப் பணம் திரும்புமா என்பன அதன் வாசகங்களைப் பொறுத்தவை. அதை அவர் வாசித்ததில்லையாம். ஆங்கிலத்தில் இருந்ததாம்!

1962இல் எசோ, கல்டெக்ஸ் கம்பெனிகளின் சொத்துக்களை இலங்கை அரசு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்காக எடுத்தபோது, நட்டஈட்டுத் தகராறு அமெரிக்கா வரை சென்றது. 1963இல் அந்நாடு உதவியை நிறுத்தியது. 1965இல் இணக்கம் ஏற்பட்டது. பெரிய கம்பெனிக்கு வல்லரசு பேசும். ஓர்ஸ் ஹில் கடைக்காரருக்கு யார் பேசுவார்? உறுதியில்லாதோரையும் கவனிக்க வேண்டுமென்று 2001ஆம் ஆண்டின் மீள்குடியமர்த்தற் கொள்கை கூறுகிறது. கொள்கை நன்று, எனினும் அது சட்டமன்று.

காணிக்கு இன்னும் அறிவித்தல் வரவில்லை. அது வருமுன் முறையான உறுதி எழுதுவதே தக்கது என்று சொன்னோம். சொந்தக்காரரும் நல்லவர், வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் வருவதாக ஒப்பினாராம். சென்றார்களா என்று கேட்க நாளை மாலை அவ்வழியே இறங்க எண்ணியிருக்கிறோம்.