கூகுளைக் கேட்காமல் போகலாம்

2010 பிப்ரவரியில் ரீட்ரைட்வெப் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. ஃபேஸ்புக் லாகின் வசதி பற்றி அந்தத் தளம் எழுதிய செய்தி, 'ஃபேஸ்புக் லாகின்' என்று கூகுளில் தேடியவர்களின் கண்ணில் முதலில் படும் இடத்துக்கு ஏறிவிட்டது. வந்தவர்கள் செய்தியைப் படிக்கவில்லை. ஃபேஸ்புக்கின் தோற்றத்தைத்தான் மாற்றிவிட்டார்கள் என்று நம்பி, பழையபடி உள்ளே விடச் சொல்லி நூற்றுக்கணக்கில் சண்டை போட்டார்கள். கடைசியில் செய்தியின் நடுவிலேயே ஓர் அறிவிப்பைப் போட வேண்டியதாயிற்று: இது ஃபேஸ்புக் இல்லை, முகவரியை அட்ரஸ் பாரில் டைப் செய்யுங்கள், பிறகு அதை புக்மார்க் செய்துகொள்ளுங்கள்.

அன்று பலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை. மாதம் தவறாமல் போகிற மின்கட்டணத் தளத்துக்கே பெயரைத் தேடி, பட்டியலில் முதலில் வருவதைத் தட்டித்தானே போகிறோம்? அத்தை வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் முச்சந்தியில் யாரிடமாவது வழி கேட்டுப் போகிற மாதிரி. வழி சொல்பவர் தன் கடைக்குக் கூட்டிப்போனாலும் தெரியாது. தேடல் பட்டியலின் உச்சி விளம்பரத்துக்கு விற்கப்படும் இடம். வங்கி போலவும் அரசு சேவை போலவும் வேடம் கட்டியவர்கள் காசு கொடுத்து அங்கே ஏறிவிடுவதுண்டு.

இந்தப் பழக்கத்தில் பிரவுசர்களுக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் முகவரிக்கு ஒரு கட்டம், தேடலுக்குத் தனியாக ஒரு கட்டம். 2008 செப்டம்பரில் வந்த குரோம் இரண்டையும் ஒன்றாக்கியது. எதை அடித்தாலும் எங்காவது போய்ச் சேரலாம் என்றானதும் முகவரியை நினைவில் வைக்கும் அவசியமே போய்விட்டது. ஆனால் அதே கட்டத்துக்குள்தான் குறுக்குவழிகளும் இருக்கின்றன.

கன்ட்ரோலோடு எல் விசையைத் தட்டினால் கர்சர் நேராக அட்ரஸ் பாருக்குப் போய் நிற்கும். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். அடிக்கடி போகிற தளமாக இருந்தால் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளிலேயே முழு முகவரியும் வந்துவிடும். என்டர் தட்டினால் போதும். என்றோ தப்பாக அடித்த முகவரி ஒன்று ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு வருகிறதா? அம்புக்குறி விசையால் அதன் மேல் போய் நின்று ஷிஃப்டையும் டெலீட்டையும் சேர்த்துத் தட்டுங்கள், ஒழிந்துபோகும். பல வருடமாக பிரவுசர் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது தெரிந்திருப்பதில்லை.

கன்ட்ரோல், டி சேர்ந்தால் புக்மார்க். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி சேர்ந்தால் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் புக்மார்க் பட்டை தோன்றும். அதில் ஐந்தாறு தளங்கள் வந்ததுமே இடம் நிரம்பிவிடுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள், ஒவ்வொன்றின் பெயரையும் அழித்துவிட்டுச் சின்னத்தை மட்டும் விட்டுவைக்கலாம். இருபது தளங்கள் தாராளமாக உட்காரும்.

எனக்கு மிகவும் பிடித்தது தளத்துக்குள் நேராகத் தேடும் வசதி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஒரு சொல்லைப் பார்க்க தளத்தைத் திறந்து, பெட்டியைத் தேடி, டைப் செய்து, காத்திருக்க வேண்டியதில்லை. அட்ரஸ் பாரில் 'எல்' என்று ஓர் ஆங்கில எழுத்து, பிறகு டேப் விசை, பிறகு வேண்டிய சொல். அவ்வளவுதான், அர்த்தம் வந்து நிற்கும். குரோமில் இதற்கான இடம் செட்டிங்ஸில் தேடுபொறிகள் பகுதியில், தளத் தேடல் என்ற பிரிவில் இருக்கிறது. பெயர், குறுக்குச் சொல், முகவரி என்று மூன்று கட்டங்கள். முகவரிக் கட்டத்தில்தான் பலர் திணறுகிறார்கள். அந்தத் தளத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடி, வருகிற பக்கத்தின் முகவரியை நகலெடுத்து, அதில் நீங்கள் தேடிய சொல் இருக்கும் இடத்தில் மட்டும் சதவீதக் குறியையும் சின்ன 'எஸ்' எழுத்தையும் போட வேண்டும். இந்த ஒத்திகைக்குத் தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். நகலெடுக்கும்போது தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளும் எண்களுமாகச் சிதறி ஒரு முழ நீளத்துக்கு நீளும், எது சொல் எது முகவரி என்று தெரியாது. ஆங்கிலச் சொல் என்றால் பளிச்சென்று தெரியும்.

ஃபயர்ஃபாக்ஸில் புக்மார்க்குக்கே குறுக்குச் சொல் வைக்கலாம். அட்ரஸ் பாரில் முதலில் நட்சத்திரக் குறியும் ஓர் இடைவெளியும் போட்டுவிட்டுத் தேடினால் உங்கள் புக்மார்க்குகளுக்குள் மட்டும் தேடும்.

பெயரை மட்டும் அடித்து கன்ட்ரோலோடு என்டர் தட்டினால் முன்னும் பின்னும் வேண்டியவை தானாக ஒட்டிக்கொண்டு 'டாட் காம்' முகவரியாகும் என்று ஒரு பழைய குறுக்குவழி உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் அரசுத் தளங்கள் பெரும்பாலும் முடிவது 'ஜிஓவி டாட் இன்' என்று. வங்கிகளையும் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொல்லியிருந்தது ரிசர்வ் வங்கி. அந்த முடிவுள்ள பெயரை வங்கி அல்லாத ஒருவர் பதிவு செய்ய முடியாது. ஆகவே பழைய வங்கி புக்மார்க் வைத்திருப்பவர்கள் புதிய முகவரியைப் பாஸ்புக்கிலோ கிளையிலோ பார்த்து ஒருமுறை எழுத்தெழுத்தாக அடித்து, அதைச் சேமித்துக்கொண்டு பழையதை நீக்கிவிடலாம்.

கணினி இல்லை, போன்தான் என்பவர்களுக்கு இத்தனை விசைகள் தேவைப்படாது. ஆண்ட்ராய்டு குரோமில் வேண்டிய தளத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் முகப்புத் திரையில் சேர்க்கும் வாய்ப்பைத் தட்டினால், வாட்ஸ்அப் பக்கத்திலேயே அந்தத் தளமும் ஒரு ஐகானாக வந்து உட்காரும். ஐபோன் சஃபாரியில் அதே வாய்ப்பு ஷேர் பொத்தானுக்குள் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களின் போனில் மின்கட்டணம், ரயில் டிக்கெட், வங்கி என்று மூன்று ஐகான்களை வைத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். வைத்துக் கொடுக்கும் முன் முகவரியை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். போலித் தளத்துக்கும் ஐகான் வரும்.